கறுப்பு, இரும்பு, நடுச்சாமம்: இலத்தூர்ப் பக்கத்துக் கொடையும் போலந்து தொலைத்த சாமியும்

சனி பகவானுக்கு உரிய நிறம் கறுப்பு. உரிய உலோகம் இரும்பு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் பக்கத்தில் இருக்கும் இலத்தூருக்குச் சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் இந்தக் கறுப்புச் சாமிக்கு எள் விளக்கு ஏற்றத்தான். மதுநாதர் கோயிலில் சனீஸ்வரருக்குத் தனிச் சன்னிதி உண்டு. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வயல், குளம், அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. சீசன் நேரமென்றால் குற்றாலத்துச் சாரல் இங்கேயும் முகத்தில் அடிக்கும்.

அந்தக் கறுப்பையும் உலோகத்தையும் ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னால் 'பிளாக் மெட்டல்'. வீட்டில் கிட்டார் வாசிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும். உலகத்திலேயே காதை அதிகம் கிழிக்கிற இசை வகைகளில் அது ஒன்று. முகத்தில் பிணத்தைப் போல வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு, இரவையும் சுடுகாட்டையும் பழைய சாமிகளையும் பாடுகிற இசை.

அதற்கும் இலத்தூருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால், 1995-ல் போலந்து நாட்டில் வெளியான ஒரு பிளாக் மெட்டல் ஆல்பம் எதைத் தேடி அலைந்ததோ, அது இலத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வருஷா வருஷம் நடுச்சாமத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே தொலைந்துபோனது இங்கே இன்னும் தொலையவில்லை. இனியும் தொலையாது என்று சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

பிணச் சாயம் பூசிய இசை

பிளாக் மெட்டல் என்ற பெயரே ஓர் ஆல்பத்தின் தலைப்பிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த 'வெனம்' என்ற குழு 1982-ல் அந்தப் பெயரில் ஓர் ஆல்பம் போட்டது. ஸ்வீடனில் 'பாத்தரி' அதை இன்னும் கரடுமுரடாக்கியது. 1990-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு இளைஞர்கள் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள்.

கேட்டால் எப்படி இருக்கும்? கிட்டார் தந்தியை இடைவெளியே விடாமல் ஒரே வேகத்தில் மீட்டுவார்கள். தேன்கூட்டைக் கலைத்துவிட்டது போல ஓர் இரைச்சல் எழும். டிரம்ஸ் ஓடுகிற ரயிலைப் போலத் தடதடக்கும். பாடுபவர் பாட மாட்டார், அலறுவார். முகத்தில் பூசுகிற வெள்ளை, கறுப்புப் பூச்சுக்கு 'கார்ப்ஸ் பெயின்ட்', அதாவது பிணச் சாயம் என்றே பெயர்.

இன்னொரு விசேஷமும் உண்டு. மற்ற இசைக்காரர்கள் ஒலிப்பதிவு துல்லியமாக வர வேண்டும் என்று பாடுபடுவார்கள். இவர்களோ கரகரப்பாக இருக்க வேண்டும் என்று பாடுபடுவார்கள். நார்வேயின் 'டார்க்த்ரோன்' 1994-ல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பம் நான்கு டிராக் மட்டுமே உள்ள சின்னக் கருவியில் பதிவானது. அந்தக் கரகரப்பைத்தான் ரசிகர்கள் 'ஓல்டு ஸ்கூல்' என்று கொண்டாடுகிறார்கள். பளபளப்பு வேண்டாம், பழசின் முரட்டுத்தனம் வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இந்தக் கூட்டத்தின் கதை முழுக்க இசையோடு நின்றுவிடவில்லை. நார்வேயில் சிலர் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். கொலைகளும் நடந்தன, குற்றவாளிகள் சிறைக்குப் போனார்கள். அந்தக் கறை இன்றுவரை இந்த இசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், மேடையில் அலறியவர்கள் எல்லோரும் தீ வைத்தவர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு பழசைத் தேடியவர்கள்.

கடலோரத்துப் பையன்களும் நான்கு தலைச் சாமியும்

போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்திலேயே மெட்டல் இசைக்குப் பெரிய கூட்டம் இருந்தது. கட்டோவிட்சே நகரில் 1986-லேயே 'மெட்டல்மேனியா' என்ற இசை விழா தொடங்கிவிட்டது. 1989-ல் ஆட்சி மாறியது. 1991-ல் பால்டிக் கடலோரத்து கதான்ஸ்க் நகரில் ஆடம் டார்ஸ்கி என்ற பதின்வயதுப் பையன் 'பெஹிமத்' என்ற குழுவைத் தொடங்கினார். இன்று 'நெர்கல்' என்ற மேடைப் பெயரில் உலகம் சுற்றுபவர் அவர்தான்.

1995-ல் அந்தக் குழுவின் முதல் முழு ஆல்பம் வந்தபோது டார்ஸ்கிக்கு 20 வயதுகூட ஆகவில்லை. ஆல்பத்தின் பெயர் 'ஸ்வென்டெவித்'. கரகரப்பான பழைய பாணி இரைச்சல், நடுநடுவே சாதாரண கிட்டாரின் மெல்லிய ஒலி. தலைப்பில் இருப்பது ஒரு சாமியின் பெயர்.

ஸ்வென்டெவித் அல்லது ஸ்வாந்தவித், பால்டிக் கரையோரத்து ஸ்லாவ் மக்கள் கும்பிட்ட தெய்வம். இப்போது ஜெர்மனியில் இருக்கும் ரூகன் தீவின் ஆர்கோனா முனையில் அதற்குக் கோயில் இருந்தது. சாக்ஸோ என்ற டென்மார்க் நாட்டு வரலாற்று ஆசிரியர் அந்தக் கோயிலைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அதைப் படிக்கிற திருநெல்வேலிக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

மரத்தால் செய்த பெரிய சிலை, நான்கு தலை. கையில் ஒரு கொம்பு, அதில் மது. அறுவடை முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடும். கால்நடைகளைப் பலி கொடுப்பார்கள். பூசாரி கொம்பைப் பார்ப்பார். மது குறையாமல் இருந்தால் அடுத்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும், குறைந்திருந்தால் பஞ்சம் என்று குறி சொல்வார். கோயிலைப் பெருக்கும்போது பூசாரி உள்ளே மூச்சுவிடக் கூடாது. மூச்சு முட்டினால் வாசலுக்கு ஓடிவந்து விட்டுவிட்டு மறுபடி உள்ளே போக வேண்டும். சாமிக்கென்று ஒரு வெள்ளைக் குதிரை உண்டு. ராத்திரியில் சாமி அதன் மேல் ஏறிப்போய் எதிரிகளோடு சண்டை போடும் என்று நம்பினார்கள். காலையில் குதிரை வேர்த்து விறுவிறுத்து, புழுதியோடு நிற்குமாம்.

குதிரையில் ராக்காவல் போகும் சாமி, வருஷத்துக்கு ஒரு கூட்டம், பலி, குறி. ஐயனாரையும் மாடனையும் கும்பிடுகிற யாருக்கும் இது அந்நியமாகத் தெரியாது.

1168-ல் டென்மார்க் அரசன் முதலாம் வால்தமாரின் படை ஆர்கோனாவைப் பிடித்தது. சிலையின் கால்களை வெட்டிச் சாய்த்து, வெளியே இழுத்துப் போட்டு, துண்டு துண்டாக்கி, சமையலுக்கு விறகாக எரித்தார்கள். போலந்து அரச குடும்பம் அதற்கு 200 வருஷத்துக்கு முன்பே, 966-ல், கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தது. அந்தப் பக்கத்துப் பழைய சாமிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

சிலை போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்தச் சாமியைப் பாடிய பாட்டில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. என்ன தாளம், என்ன கொட்டு, யார் பாடினார்கள், எதுவும் தெரியாது. மிஞ்சியதெல்லாம் வெளியார் எழுதிய குறிப்புகளும், மண்ணிலும் ஆற்றிலும் கிடைத்த சில கல் உருவங்களும்தான். நான்கு முகம் கொண்ட ஒரு கல் தூண் 1848-ல் ஸ்புரூச் ஆற்றில் கிடைத்தது. இப்போது கிராகோவ் நகரின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். பாட்டைக் கேட்க முடியாது.

அதனால்தான் கதான்ஸ்க் பையன்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு, இல்லாத பாட்டைத் தாங்களே உண்டாக்க வேண்டியிருந்தது.

இங்கே சாமி வரும் நேரம்

இனி இலத்தூர்ப் பக்கம் வரலாம். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆய்க்குடி என்று எந்தத் திசையில் போனாலும் ஊர்க் கடைசியில், குளத்தங்கரையில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில் கூரை இல்லாத கோயில்கள் கண்ணில் படும். கோயில் என்றால் கோபுரம் இருக்காது. சுண்ணாம்பு அடித்த பீடங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். சுடலைமாடன், பேச்சி, பிரம்மசக்தி, இசக்கி, முண்டன் என்று ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை.

வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சாமிகளுக்கு எடுக்கிற விழாதான் கொடை. 'அண்ணாச்சி, கொடைக்கு வந்திருங்க' என்று போன் வந்தால் சென்னையிலும் திருப்பூரிலும் மும்பையிலும் வேலை பார்க்கிறவர்கள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள். ஊர் வரி பிரிப்பார்கள். கால் நாட்டுவார்கள். ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் வந்து இறங்கும். முதல்நாள் இரவு குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, நள்ளிரவில் சாமக்கொடை.

மதியக் கொடை குடும்பத்தோடு பார்க்கிற விழா. பொங்கல், முளைப்பாரி, நையாண்டி மேளம், கரகாட்டம், ஐஸ் வண்டி, பலூன். சாமக்கொடை வேறு. மணி பன்னிரண்டை நெருங்கும்போது குழந்தைகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தனித்தனிச் சத்தமாக இல்லாமல் ஒரே சுவராக எழும்பும். வில்லுப்பாட்டுக்காரர் 'வரத்துப் பாட்டு' எடுப்பார். சாமியை வரவழைக்கிற பாட்டு அது. பாட்டின் வேகமும் கொட்டின் வேகமும் கூடக் கூட, பீடத்துக்கு முன் நிற்கும் கோமரத்தாடியின் உடம்பு நடுங்கத் தொடங்கும்.

இடுப்பில் சலங்கை கட்டிய சல்லடம், தலையில் குல்லா, கையில் வல்லயம், உடம்பெல்லாம் திருநீறு. தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சுடலை 'வேட்டை'க்குக் கிளம்பும். வேட்டை என்றால் சுடுகாட்டுக்கு. அந்த வழியில் யாரும் எதிரே வரக் கூடாது. சாமி போய்த் திரும்பும்வரை கோயிலில் கொட்டு நிற்கக் கூடாது.

இரவு, தீ, சுடுகாடு, காதைப் பிளக்கும் ஒலி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு பிளாக் மெட்டல் மேடையில் இருக்கிற அத்தனையும் இங்கேயும் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான், அதுவே பெரிய வேறுபாடு. அங்கே இருட்டு என்பது ஊருக்கும் கோயிலுக்கும் எதிராக நிற்பது. இங்கே இருட்டில் நிற்கும் சாமிதான் ஊருக்குக் காவல். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அதே கை, பயந்து அழுகிற பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசும். சனிக்கு உரிய அதே கறுப்பு, கயிறாகப் பிள்ளையின் இடுப்பில் காவலுக்கு ஏறும். 'காந்தாரா' படத்தின் கடைசிக் காட்சியில் மெய்சிலிர்த்தவர்களுக்கு இது புரியும். துளுநாட்டில் பூதக் கோலம் என்றால் தென்பாண்டி நாட்டில் கொடை.

மகுடம் பேசும் கதை

சுடலைமாடன் கோயில்கள் பலவற்றில் வில்லுப்பாட்டுக்கும் மேலாக ஒரு கூத்து கட்டாயம். அதுதான் கணியான் கூத்து, மகுடாட்டம் என்றும் சொல்வார்கள். அதை ஆடிப் பாடுகிறவர்கள் கணியான் என்ற சிறிய சமூகத்தார். தமிழகத்தின் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்ற சமூகம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் அங்கங்கே சில குடும்பங்களாக வாழ்கிறார்கள்.

கூத்துக்கு வேண்டிய பொருட்கள் மிகக் குறைவு. கதை பாடுகிற அண்ணாவி ஒருவர். பின்பாட்டுக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர். பெண் வேடமிட்டு, காலில் சலங்கை கட்டி ஆடுகிற ஆண்கள் இருவர். மகுடம் அடிக்க இருவர். மகுடம் என்பது வட்டமான மரச் சட்டத்தில் தோல் போர்த்திய பறை. ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். உச்சம் வெடிக்கும், மந்தம் அதிரும். தோல் தளர்ந்தால் நெருப்பு மூட்டிச் சூடு காட்டுவார்கள், மறுபடி விறைக்கும். ஸ்டூடியோவில் கருவி வைத்து வரவழைக்கப் பார்க்கிற அந்தக் கரகரப்பு, இங்கே ஒரு கைப்பிடி வைக்கோல் நெருப்பில் வந்துவிடும்.

அண்ணாவி சாமியைப் பார்த்து நின்றபடி பாடுவார். கையைக் காதில் வைத்துக்கொண்டு குரலை உச்சத்துக்கு இழுப்பார். இரவு முழுக்க நீளும் கதை. புத்தகம் கிடையாது, எல்லாம் மனப்பாடம். கோமரத்தாடிக்குச் சாமி வருவது தாமதமானால் கதையை நீட்டுவார். சீக்கிரம் வந்துவிட்டால் சுருக்குவார். சாமியின் பிறப்பைச் சொல்கிற இடம், கோபத்தைச் சொல்கிற இடம், இறங்கி வருகிற இடம் என்று எந்த வரியில் எந்தக் கொட்டு மாற வேண்டும் என்பது அவருக்கும் மகுடக்காரருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு.

சில கோயில்களில் கணியான் தன் கையைக் கீறிச் சில துளி ரத்தம் தரும் 'கைவெட்டு' சடங்கும் உண்டு. மெட்டல் மேடைகளில் ரத்தம் ஒரு காட்சி. இங்கே அது பாடுகிறவரின் உடம்பிலிருந்து போகிற கடன்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் நாயகனின் அப்பாவாக வந்த தங்கராசுவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெண் வேடமிட்டு ஆடும் கலைஞராக நடித்த அவர், நிஜ வாழ்க்கையிலும் நெல்லைச் சீமையின் நாட்டுப்புறக் கலைஞர்தான். 2023-ல் காலமானார். ஊரே ரசிக்கிற ஆட்டம், ஆடியவர் பகலில் வீதியில் நடந்தால் கேலி. படத்தில் வந்த அந்தக் காட்சி இந்தக் கலைஞர்களில் பலருடைய வாழ்க்கை.

சுடலை போன பாதை

சுடலைமாடன் கதையில் ஒரு பயணம் வருகிறது. கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்து, சுடுகாட்டுப் பிணம் தின்ற பிள்ளை. அதனால் பூமிக்கு அனுப்பப்படுகிறான். மலையாள நாட்டுக்குப் போகிறான். கொட்டாரக்கரை பகவதியின் புதையலுக்குக் காவல் இருக்கிறான். அந்தப் புதையலைக் களவாடிய மந்திரவாதி காளிப் புலையனோடு மோதுகிறான். அந்தப் பகை மந்திரவாதியின் சூலியான மகள் மாவிசக்கியின் உயிர்வரை போகிறது. கதை கேட்கிற பெண்கள் கண்ணீர்விடும் இடம் அது. வில்லிலும் மகுடத்திலும் இந்தக் கதை பல வடிவங்களில் பாடப்படுகிறது.

கொட்டாரக்கரை கற்பனை ஊர் இல்லை. செங்கோட்டையில் ரயில் ஏறினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் தாண்டி கொட்டாரக்கரையில் இறங்கலாம். கணவாய் வழியே மலையைக் குடைந்து போகிற இந்தப் பாதையில் 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப் பாதையாக மாறி 2018-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. வழியில் கழுதுருட்டியில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்கவே தனியாக ஒருநாள் போகலாம். செங்கோட்டை வட்டாரமே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதிதான். கதையும் கல்யாணமும் சந்தையும் இந்தக் கணவாய் வழியே போய் வந்திருக்கின்றன.

19-ம் நூற்றாண்டில் இலத்தூர் ராமசாமி சாஸ்திரி என்ற சமஸ்கிருதப் பண்டிதரும் திருவிதாங்கூரில் பேர் பெற்றார். கேரளவர்ம வலிய கோயில் தம்புரானுக்கு ஆசிரியராக இருந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் எழுதியவை நூலாக இருக்கின்றன, பெயரும் இருக்கிறது. அதே காலத்தில் இதே பகுதியில் சுடலை கதை பாடிய அண்ணாவிகள் யார்? ஒரு பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை.

கணவாய் வழியே இறங்கும் செண்டை

இப்போது அதே கணவாய் வழியே வேன்களில் செண்டை மேளம் இறங்கி வருகிறது. ஒரே நிறச் சீருடையில் இருபது முப்பது பேர், வரிசை கலையாத ஆட்டம். இளைஞர்களுக்குப் பிடிக்கிறது, ரீல்ஸுக்கும் நன்றாக வருகிறது. கொடைக் கமிட்டியின் பட்ஜெட்டில் செண்டைக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் வில்லுக்கும் மகுடத்துக்கும் பேரம் பேசுகிற ஊர்கள் உண்டு. 'சீக்கிரம் முடிங்க, அடுத்து பாட்டுக் கச்சேரி இருக்கு' என்று நடுக்கதையில் சீட்டு வரும். ஆறு மணி நேரக் கதை ஒன்றரை மணி நேரமாகிறது. அடுத்த தலைமுறை கேட்பதே அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான். மீதிக் கதை இருந்ததே அதற்குத் தெரியாது.

செண்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதுவும் ஒரு பழைய கலைதான், வாசிக்கிறவர்களுக்கும் பிழைப்புத்தான். ஆனால், செண்டைக்காரருக்குச் சுடலை கதை தெரியாது. எந்த வரியில் சாமி இறங்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இல்லை.

இந்தச் சாமிகளுக்கு அரசாங்கத்திடமிருந்தும் நெருக்கடி வந்ததுண்டு. 1950-ல் போட்ட விலங்கு, பறவை பலித் தடைச் சட்டத்தை 2003-ல் தமிழக அரசு கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னபோது தென்மாவட்டக் கிராமங்கள் கொதித்தன. 2004-ல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. ஆர்கோனாவுக்கு வந்தது போன்ற படையெடுப்பு இங்கே வரவில்லை, வந்தாலும் ஊர் எதிர்த்து நிற்கும். ஆனால், கொட்டு நின்றுபோக படையெடுப்பு தேவையில்லை. மகுடக்காரரின் மகன் 'எனக்கு இது வேண்டாம்ப்பா' என்று சொன்னால் போதும்.

அவன் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. இரவெல்லாம் தொண்டை கிழியப் பாடினாலும் வருமானம் கொடை மாதங்களில் மட்டும்தான். மரியாதையோ கொட்டு நிற்கும்வரைதான். சாமியைக் கூப்பிட அவர் வேண்டும், சபையில் நாற்காலி போட அவர் வேண்டாம் என்றால் எந்தப் பிள்ளை மகுடத்தைத் தொடும்? பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள், முதலில் அந்த நாற்காலியைப் பற்றிப் பேச வேண்டும்.

நல்ல செய்திகளும் இல்லாமல் இல்லை. பேராசிரியர் நா.வானமாமலை பல கதைப்பாடல்களைத் தேடி எடுத்து, 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகம் வழியாகப் பதிப்பித்தார். பாபநாசம் மலையடிவாரத்து முத்துப்பட்டன் கதை அப்படித்தான் அச்சேறியது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு என்றே ஒரு துறை இயங்குகிறது. வில்லிசையைச் சென்னை வரை கொண்டுபோன சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகுடத்துக்கு அந்த அளவு வெளிச்சம் இன்னும் வரவில்லை.

மெட்டல் ரசிகர்களிடம் கற்றுக்கொள்ளவும் ஒன்று உண்டு. இன்டர்நெட் இல்லாத காலத்தில் அவர்கள் கேசட்டுகளைப் பதிவு செய்து, நாடு விட்டு நாடு தபாலில் அனுப்பி இந்த இசையை வளர்த்தார்கள். கரகரத்த ஒரு கேசட்டைக்கூட யார் வாசித்தது, எந்த வருஷம், எந்த ஊர் என்று எழுதிப் பாதுகாத்தார்கள். இங்கே இன்று ஒவ்வொரு கொடையிலும் நூறு செல்போன்கள் உயர்கின்றன. முப்பது விநாடி வீடியோ, மேலே ஒரு சினிமாப் பாட்டு, 'மாஸ் சாமியாட்டம்' என்று ஒரு தலைப்பு. பாடியவர் பெயர் கிடையாது. மகுடத்தின் ஒலியே கிடையாது.

போக விரும்புகிறவர்களுக்கு

தென்காசிக்குச் சென்னையிலிருந்து நேரடி ரயில்கள் உண்டு. அங்கிருந்து இலத்தூருக்குப் பஸ்ஸில் சிறிது நேரப் பயணம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றால சீசன். காலையில் அருவி, மதியம் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில், சாயங்காலம் இலத்தூர் மதுநாதர் கோயில் என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

கொடைகள் சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் அதிகம். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். பொதுவான கேலண்டர் கிடையாது. டீக்கடையில் விசாரித்தால் அந்த வாரம் எந்த ஊரில் கொடை என்று சொல்லிவிடுவார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிப் போனால் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் உள்ள சொரிமுத்தையனார் கோயிலையும் பார்க்கலாம். முத்துப்பட்டன் அங்கே பட்டவராயனாக நிற்கிறார். பக்தர்கள் அவருக்குக் காணிக்கையாகத் தருவது செருப்பு.

கொடை சுற்றுலாக் காட்சி இல்லை, ஒரு குடும்பத்தின் வழிபாடு. ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். கோமரத்தாடியின் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்காதீர்கள். வேட்டைக்குப் போகிற சாமியின் பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். படப்புச் சோறு கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், மறுப்பது மரியாதை இல்லை.

விடிந்ததும் மகுடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கணியான் குழு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும். அவர்களோடு ஒரு டீ குடியுங்கள். அண்ணாவியின் பெயர் என்ன, எந்த ஊர், யாரிடம் படித்தார், ராத்திரி பாடிய கதைக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் வீடியோவுக்குக் கீழே அந்தப் பெயரையும் ஊரையும் போடுங்கள். ஆர்கோனாவில் பாடியவர்களுக்கு அதைச் செய்ய யாரும் இருக்கவில்லை.